மாப்பிள்ளை கடித்த பஜ்ஜி

"உன் வேலையைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதேம்மா. கையெடுத்துக் கும்பிடறேன்."

தினகரன் நிஜமாகவே மகளைக் கும்பிட்டார். அவர் பயம் அவருக்கு.

அனுப்பிரியாவுக்கு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பருப்பு, பயறுகளில் இயற்கையாகவே இருக்கும் விஷத்தைக் கண்டுபிடிப்பது. போன தடவை பெண் பார்க்க வந்தவர்களிடம், "ராஜ்மாவை அரைவேக்காடா தின்னா வாந்திதான்" என்று ஆரம்பித்தாள். அவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டார்கள்.

இன்று வருவது பெரிய இடம். மாப்பிள்ளை பாலகுரு சிறுசேரியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். அப்பா அரிகிருஷ்ணனுக்கு சேலையூரில் பரம்பரை நிலம், தாம்பரத்தில் பருப்பு மண்டி. இதையும் விட்டால் மகள் லேபிலேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான் என்பது தினகரனின் கணக்கு.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். அரிகிருஷ்ணன் தன் புராணத்தைத் தொடங்கினார்.

"பம்மல்லேர்ந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் எந்த பஜ்ஜிக் கடையில வேணா கேளு சார். நம்ம கடலை மாவுதான் ஓடிக்கினு கீது."

தினகரன் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

"பொண்ணு இன்னா வேலை பார்க்குது?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா பொன்னியம்மாள்.

தினகரன் கண்ணால் ஜாடை காட்டினார். மகள் எங்கே பார்த்தாள்?

"பருப்புல விஷம் இருக்கான்னு டெஸ்ட் பண்றேன் ஆன்ட்டி. இப்ப கேசரிப் பருப்புன்னு ஒண்ணு இருக்கு. பார்க்க துவரம் பருப்பு மாதிரியே இருக்கும், விலை கம்மி. அரைச்சுக் கடலை மாவுல கலந்துட்டா கண்ணுக்குத் தெரியாது. மாசக்கணக்கா தின்னா கால் விளங்காமப் போயிடும்."

போச்சு. தினகரன் காலண்டரில் இருந்த முருகனைப் பார்த்தார். முருகன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அரிகிருஷ்ணன் எழுந்து ஓடவில்லை. நாற்காலி நுனிக்கு வந்தார்.

"எவ்ளோ கலந்தா மிஷின்ல மாட்டும்மா?"

அனுப்பிரியா அவரை உற்றுப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு திரும்பி வந்தாள்.

பாலகுரு ஒன்றை எடுத்துக் கடித்தான். "சூப்பரா இருக்குங்க!"

"இருக்காதா பின்னே? உங்க கடை மாவாச்சே!" என்றாள் அனுப்பிரியா.

"டேய், துப்புடா!"

அரிகிருஷ்ணன் போட்ட சத்தத்தில் தட்டே ஆடியது. பொன்னியம்மாள் பாய்ந்து மகன் கையிலிருந்த பாதி பஜ்ஜியைத் தட்டிவிட்டாள்.

"ஒரு பஜ்ஜியில ஒண்ணும் ஆகாது அங்கிள்" என்றாள் அனுப்பிரியா.

பாலகுரு வாய் நிறைய பஜ்ஜியோடு விழித்தான். "ஏம்பா? நம்ம மாவுதானே?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா முந்தானையைச் சரி செய்தாள். "வூட்டுக்குப் போய் கலந்து பேசிட்டு சொல்றோம் சார்" என்று இடது செருப்பில் வலது காலை நுழைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"அடப்பாவி! பெத்த பிள்ளை தின்னக் கூடாததை ஊருக்கே விக்கிறானா?" தினகரன் துள்ளி எழுந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு குப்பைத் தொட்டிக்கு ஓடினார். "செல்வம்! போயும் போயும் அவன் கடையிலயா மாவு வாங்கினே?"

சமையலறையிலிருந்து அவர் மனைவி செல்வம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"எவன் கடையில? நான் கடலைப் பருப்பு வாங்கிக் காய வச்சு, மில்லுல நின்னு அரைச்சுட்டு வந்த மாவுங்க அது!"

தினகரன் அப்படியே நின்றார். அனுப்பிரியா அவர் கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தாள்.

"லேப்ல இந்த டெஸ்டுக்கு ரெண்டு நாள் ஆகும்பா. வித்தவன் பிள்ளைக்கே ஊட்டினா, உடனே ரிசல்ட் வந்துடுது."