நகராத பஸ்

"இன்னும் கொஞ்சம் பெரிசா திறங்க சார்... ஆங், போதும். இந்தப் பக்கம் மரத்துப் போச்சா?"

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் "ம்ம்" என்றார். வாய் நிறையப் பஞ்சு. அதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியாது.

மருந்து எடுக்கிற சாக்கில் உதவியாளர் பல் டாக்டரை அலமாரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். க்ளினிக்கில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். போட்டுவிட்டால் நிற்காது.

"டாக்டர், அவரேதான்! டிவில பேட்டி குடுப்பாரே, பெரிய தயாரிப்பாளர். அதே நெத்தி, அதே மூக்கு."

"பேர் வேற ஏதோ சொன்னாரே?"

"சொந்தப் பேரைச் சொன்னா வாசல்ல கூட்டம் கூடிடாதா? பேசாம உங்க கதையைச் சொல்லுங்க. இதை விட்டா எப்போ?"

க்ளினிக் மூடிய பிறகு உட்கார்ந்து உட்கார்ந்து டாக்டர் எழுதிய திரைக்கதை அது. தூக்கிக்கொண்டு ஏறாத கம்பெனி இல்லை. போன இடத்தில் எல்லாம் முதல் கேள்வி, "யார் சொல்லி வந்தீங்க?" யாரும் சொல்லவில்லை என்றால், "வெச்சுட்டுப் போங்க." ஒரு ஆபீஸில் அதன் மேல் டீ கிளாஸ் உட்கார்ந்திருந்ததை அவளே பார்த்தாள். உட்காரச் சொல்லிக் கேட்ட ஒரே ஆளும், "பஸ் நகரவே நகராதா? அப்போ பாட்டை எங்கம்மா வைக்கிறது?" என்று எழுந்து போய்விட்டார்.

அவள் திரும்பி வந்து பல் துளைக்கும் கருவியை எடுத்தாள்.

"இது சத்தம் போடும் சார், பயப்படாதீங்க. ஒரு கதை சொல்றேன், அதைக் கேட்டுக்கிட்டே இருங்க. ஒரு பஸ். ஆள் நடமாட்டமே இல்லாத ரோட்ல நிக்குது. டிரைவர் 'இதோ வந்துட்டேன்'னு இறங்கிப் போறார். வரவே இல்ல. ஆனா பயணிங்க ஒருத்தர்கூட இறங்கல. ஏன்னா இறங்கினா ஜன்னல் சீட்டு போயிடும்."

நாற்காலியில் இருந்தவரின் வயிறு குலுங்கியது.

"சார், ஆடாதீங்க."

கதை வளர்ந்தது. சீட்டுக்காக அடித்துக்கொண்ட இரண்டு பேர் மத்தியானத்துக்குள் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பியவள், புருஷனுக்கு போனிலேயே குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டத் தெரியாத ஒரு மனிதர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஆசை தீர ஹாரன் அடித்தார். பஸ் மட்டும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ரேடியோவே வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.

பல்லில் வேலை முடியவும் கதை டிரைவர் பக்கம் திரும்பவும் சரியாக இருந்தது. டாக்டர் அங்கேயே கதையை நிறுத்திவிட்டாள். அடுத்து, "இதை நான்தான் எழுதினேன், நீங்க படமா எடுக்கணும்" என்று சொல்ல வேண்டும். வாயைப் பிளந்தபடி, ஓடவும் முடியாமல் கிடக்கிற மனிதரைப் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவ்வளவுதான் சார். கொப்பளிச்சுத் துப்பிடுங்க."

அவர் எழுந்து உட்கார்ந்து, மரத்துப்போன உதட்டை இழுத்து இழுத்து என்னவோ கேட்டார். "த்தை... வத்... ஏ..."

"தைலமா சார்? அதெல்லாம் தடவக் கூடாது" என்றாள் ரேடியோ.

அவர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார்.

"கோபமாப் போறாரு" என்றாள் டாக்டர். "போகமாட்டாரா பின்ன? வலியோட வந்த மனுஷனைக் கட்டிப்போடாத குறையா உட்கார வெச்சுக் கதை அளந்திருக்கேன். எனக்கே அசிங்கமா இருக்கு."

அடுத்த வாரம் அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

"மறுபடியும் வலியா சார்? எந்தப் பல்லு?"

"இதுதான்... இல்லல்ல, இதுக்குப் பக்கத்துது."

டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் கல் மாதிரி இருந்தன. மனதில் இருந்த உறுத்தல் தாங்காமல் கையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"சார், அன்னிக்கு நான் பண்ணினது சரியில்ல. அது நான் எழுதின திரைக்கதை. சிபாரிசு பண்ண எனக்கு ஆள் கிடையாது. நீங்க படம் எடுக்கிறவர், எதுத்துப் பேச முடியாம வேற படுத்திருந்தீங்க. அதான்..."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"படம் எடுக்கிறவன் என் தம்பிம்மா. எங்களுக்கு மூஞ்சி மட்டும்தான் ஒண்ணு. நான் தண்ணி மோட்டார் விக்கிறேன்."

ரேடியோ கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். அது உருண்டு போய்ச் சுவரில் மோதி ஓய்ந்தது.

"தப்பான பஸ்ல ஏறிட்டேன் போல" என்று டாக்டர் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "மன்னிச்சுக்கோங்க சார். பல்லுல ஒண்ணுமே இல்ல, நீங்க கிளம்பலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை.

"பல்லுல ஒண்ணும் இல்லேன்னு எனக்கே தெரியும். போன வாரம் தெரியாத்தனமா தம்பிகிட்ட இந்தக் கதையைச் சொல்லித் தொலைச்சேன், அதுலேர்ந்து என்னைத் தூங்க விடமாட்டேங்கிறான். பல் டாக்டர்னா அவனுக்குப் பயம், மேல வரமாட்டான். கீழ கார்ல உட்கார்ந்திருக்கான். அந்த பஸ் டிரைவர் என்ன ஆனான்னு நான் கேட்டுக்கிட்டு வந்தாத்தான் வண்டியை எடுப்பானாம்!"