தட்டில் எத்தனை குருவி?

"இந்தா, ஆதாரம்!" என்று என் கணவர் பட்டறை மேஜைமேல் அந்தப் பீங்கான் தட்டை வைத்தார். எதிர்க்கடைக்காரி இன்று காலையில்தான் விற்பனைக்கு வைத்தாளாம்.

வெள்ளைத் தட்டில் நீலப் பாலம், நீல மரம், நீலக் குருவிகள். நான் வரைந்து இன்னும் சூளைக்கே போகாத புதுப் படம்!

முதல் தடவை இப்படி நடந்தபோது, 'நீலமும் வெள்ளையும் பல நூறு வருஷமாக ஊர் ஊராக நகலானதுதானே' என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இது மூன்றாவது தடவை.

"எல்லாம் உன் சூளைக்காரர் வேலை. பதினெட்டு வருஷ விசுவாசம்னு தலையில தூக்கி வச்சு ஆடினியே! உண்ட வீட்டுக்கு ரெண்டகம். இப்பவே அனுப்பிடு."

சூளைக்காரர் வாசலில் சாம்பல் கையோடு நின்றார். "அம்மா, சத்தியமா நான் இல்ல..."

"இருங்கண்ணே" என்றேன். கணவரிடம் திரும்பினேன். "ஏங்க, படத்தைப் பாத்தது நீங்க ரெண்டு பேரும்தானே?"

"ஆமா. நானா கொண்டுபோய்க் குடுப்பேன்?"

"பாலத்துக்கு மேல எத்தனை குருவி பறக்குது, எண்ணுங்க."

"நாலு. அதுக்கென்ன இப்ப?"

"நீங்க சொன்ன பேச்சைக் கேட்டு, இவரைக் கையும் களவுமா பிடிக்கத்தான் ரெண்டு விதமா வரைஞ்சேன். இவர்கிட்ட குடுத்த தாள்ல மூணு குருவி."

அவர் கை தட்டிலிருந்து மெல்ல விலகியது.

"நாலு குருவி இருந்தது நம்ம வீட்டு அலமாரியில."