முன் இருக்கை

எடைப் பலகையில் இலைத்தியா ஏறி நின்றதும் கவுண்ட்டர் பெண் முள்ளைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ஐயா, நீங்க முன்னாடி. பைலட் பக்கத்துல."

பதறியது இலைத்தியா அல்ல, அவர் மனைவி லோசலினி.

"அதெல்லாம் முடியாதும்மா. அவர் என் பக்கத்துலதான் உக்காரணும்."

"குட்டி விமானம்மா. கனமான ஆளைப் பின்னால உக்கார வைக்க முடியாது."

"உனக்குத் தெரியாது. இவருக்கு விமானம்னாலே உதறல். என் கையைப் பிடிச்சாத்தான் சுவாவுக்கு வந்து சேருவாரு."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆறடிக்கு மேல் உயரம், ஒரு காலத்தில் தவேயூனித் தீவு ரக்பி அணியில் மோதி மோதி இறுகிய உடம்பு.

"பால் பாட்டில் எடுத்து வெச்சீங்களாம்மா?" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். லோசலினியும் சிரித்தாள்.

இலைத்தியா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷத்துக்கு மேல் பழகிப்போன கேலி. அதைத் தீவு முழுக்கப் பரப்பியதே லோசலினிதான். பெண்கள் கூடிப் பாய் முடையும் இடத்தில், கணவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பல்லைக் கடிப்பதை அவள் நடித்துக் காட்டினால், முடைகிற கைகள் எல்லாம் நின்றுவிடும்.

கடைசியில் அவர் முன்னால்தான் ஏற வேண்டியிருந்தது. ஏறும்முன் திரும்பிப் பார்த்தார்.

"லோசா, தனியா இருந்துக்குவியா?"

"எனக்கென்ன? நீங்க கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணுங்க."

லோசலினிக்கு மூன்றாவது வரிசை கிடைத்தது. பக்கத்தில் சக்கேயோ. கல்யாணத்துக்கு முன்னால் இலைத்தியாவோடு ஒன்றாக வேலை பார்த்தவர். அப்புறம் சிட்னிக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டவர், சொந்தக்காரர்களைப் பார்க்க இப்போதுதான் வந்திருந்தார்.

விமானம் கிளம்பியது. தென்னந்தோப்பு கீழே போனது. கடல் வந்தது.

முன்னால் தெரிந்த அந்தப் பெரிய முதுகையே லோசலினி பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை அவரோடு பறந்தது ஞாபகம் வந்தது.

அப்போது வயிற்றில் ஏழு மாசம். உதிரம் படத் தொடங்கிவிட்டது. உடனே தலைநகர் சுவாவின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாவிட்டால் இரண்டு உயிரும் நிற்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். கப்பல் அடுத்த வாரம்தான். விமானத்தின் பக்கத்தில் வந்ததும், "செத்தா மண்ணுல சாகறேன், ஆகாயத்துல வேண்டாம்" என்று புல்லில் உட்கார்ந்துவிட்டாள் லோசலினி.

இலைத்தியா கெஞ்சிப் பார்த்தார். திட்டிப் பார்த்தார். திடீரென்று அவர் கை நடுங்க ஆரம்பித்தது.

"லோசா, எனக்கும் காலு வரலடி. நீ கையைப் பிடிச்சுக்கிட்டா ஏறிடுவேன். இல்லேன்னா முடியாது."

அவ்வளவு பெரிய ஆள் அப்படி நடுங்கியதைப் பார்த்ததும் அவளுக்குத் தன் பயமே மறந்துபோனது. எழுந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். வழி நெடுக அவருக்குத் தைரியம் சொன்னாள். சின்ன வயசில் பாடிய பாட்டெல்லாம் பாடினாள். வலி வந்தபோதுகூட, "ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்ல" என்று அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சட்டென்று விமானம் ஒரு குழியில் விழுந்தது போல் இறங்கியது.

லோசலினியின் முழங்கால் இரண்டும் அடித்துக்கொண்டன. எதையோ இறுகப் பற்றியிருந்தாள். பார்த்தால் சக்கேயோவின் கை.

"பயமா இருக்கா தங்கச்சி?"

"எனக்கில்லண்ணே. அங்க அவரு என்ன பாடுபடறாரோ."

"யாரு?"

"உங்க சிநேகிதர்தான். விமானம்னா அவருக்கு உயிரே போயிடும்."

சக்கேயோ அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"இலைத்தியாவுக்கா? என்னம்மா சொல்ற? தோட்டத்து முதலாளியோட ஒத்தை இன்ஜின் விமானத்துல நாங்க ரெண்டு பேருந்தான் வேலை. இறங்க இடமில்லாத தீவுக்கெல்லாம் மேல இருந்தே மூட்டையைத் தள்ளணும். நான் உள்ள கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்குவேன். அவன் திறந்த கதவுல காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் பாடுவான்."

லோசலினி முன் இருக்கையைப் பார்த்தாள்.

விமானம் மறுபடி குலுங்கியது. முன் இருக்கையிலிருந்து இலைத்தியா உடம்பை முறுக்கித் திரும்பினார். கண் திறந்துதான் இருந்தது. முகத்தில் பயம் எதுவும் இல்லை. மூன்றாவது வரிசையை மட்டும் தேடினார். லோசலினியின் கண்ணில் கண் பட்டதும், அவசரமாக முகத்தைச் சுளித்துக்கொண்டு, நடுங்குவது போல் கையைத் தூக்கிக் காட்டினார்.

அவள் தலையை ஆட்டினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுவா விமான நிலையத்தில் மகள் மிலிகா காத்திருந்தாள். அன்றைக்கு வயிற்றுக்குள் இருந்து பறந்து வந்தவள்.

இலைத்தியா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உங்கம்மா பக்கத்துல இல்லாம உயிரே போயிடுச்சு."

மிலிகா சிரித்தபடி அம்மாவைப் பார்த்தாள். "எங்க, அப்பா எப்படி நடுங்கினாரு? செஞ்சு காட்டும்மா."

லோசலினி கணவரின் கசங்கிய சட்டைக் காலரைச் சரி பண்ணினாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவரு எங்கடி நடுங்கினாரு? அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி, நடுங்கினது உங்கம்மாதான்."