காக்கை இறங்கவில்லை

உங்கள் ஊரில் பத்தாம் நாள் பிண்டத்தைக் காக்கை தொடவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

பிம்பள்வாடியில் சத்தியம் செய்வார்கள். போன உயிர் ஏதோ ஆசையோடு நிற்கிறது, அதைத் தீர்த்துவைக்கிறோம் என்று பிள்ளைகள் ஊர் கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன சொல்லை அப்புறம் மாற்ற முடியாது. மாற்றினவன் வீட்டுக்குப் பெண் கொடுக்க ஒருத்தரும் வரமாட்டார்கள்.

அன்று கோதாவரிக் கரையில் அனுசயாபாயின் பிண்டம் கல்லின்மேல் காய்ந்துகொண்டிருந்தது. அரசமரம் நிறையக் காக்கைகள். ஒன்றுகூட இறங்கவில்லை.

மொட்டைத் தலையோடு நின்ற மகன்கள் நாம்தேவுக்கும் கிசனுக்கும் முகம் வெளிறிவிட்டது. அவர்களுக்குப் பின்னால் தங்கை காசி.

காசிக்கு அழுகைகூட வற்றிப்போயிருந்தது. புருஷன் போனபிறகு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அம்மா இருந்தவரை பின்கட்டு அறையில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. முந்தாநாள் அண்ணன்கள் பேசியது அவள் காதிலேயே விழுந்தது. காரியம் முடிந்ததும் அவளைப் பண்டரிபுரத்தில் ஏதாவது ஒரு மடத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாமாம். பின்கட்டில் வெங்காயம் கொட்டிவைக்கலாமாம்.

பெரிய அண்ணி சிந்து அப்போது பக்கத்தில்தான் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை? ம்ஹூம். குனிந்த தலை நிமிரவில்லை. இவளுக்கும் இதுதான் வேண்டும்போல என்று காசி நினைத்துக்கொண்டாள்.

இப்போதும் பாருங்கள், ஊர் மொத்தமும் கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. சிந்து மட்டும் அந்தப் பக்கம், மரத்தடியில், தனியாக. தலைக்கு மேல் பெரிய கறுப்புக் குடை. அதைத் தோளில் சாய்த்துச் சுழற்றிக்கொண்டு வேறு நிற்கிறாள்.

"வெயிலும் இல்ல, மழையும் இல்ல, மகாராணிக்குக் குடை கேக்குது!" என்றாள் தோண்டாபாய் அத்தை. "மாமியார் செத்த துக்கத்துல நிறம் கறுத்துடுமோ என்னமோ!"

"விடுங்க அத்தை," என்றாள் காசி. மனசுக்குள் அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாம்தேவ் கைகூப்பினான். "அம்மா, ஆஷாட ஏகாதசிக்கு உன் பேரைச் சொல்லிப் பண்டரிக்கு நடந்தே போறேன்."

ஒரு காக்கை தாழ்ந்த கிளைவரை வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. திரும்ப மேலே போய்விட்டது.

"உன் எருமையை விக்க மாட்டேம்மா," என்றான் கிசன். "கடைசிவரை நானே வச்சுக் காப்பாத்துறேன்."

"எருமைக்குத் தவிக்கிற ஆத்மாவாடா அது?" பின்னாலிருந்து யாரோ சொல்ல, அந்தத் துக்கத்திலும் நாலு பேர் சிரித்தார்கள்.

காரியம் செய்துவைக்க வந்த குருஜி வானத்தைப் பார்த்தார். இருட்டிக்கொண்டு வந்தது. "நேரமாகுது. தர்ப்பையில ஒரு காக்கா முடிஞ்சு தொட வச்சிடலாமா? சாஸ்திரத்துல இடம் இருக்கு."

"வச்சிடுங்க குருஜி!" கிசனுக்கு ஒரே அவசரம்.

"சும்மா இருடா!" அத்தை அதட்டினாள். "புல்லுக் காக்கா தொட்டா எங்கண்ணி மனசு ஆறிடுமா? எதை எதையோ சொல்றீங்களே, பெத்த பொண்ணை ஒருத்தனாவது நினைச்சீங்களா? பொட்டழிஞ்சு வந்து நிக்கிறாளே, அவளை நினைச்சுத்தான் தவிக்குது!"

எல்லார் கண்ணும் காசிமேல். அவளுக்கு அப்படியே ஆற்றுக்குள் இறங்கிவிடலாம்போல் இருந்தது.

"காசியை நல்லா பாத்துக்குறோம்மா," என்றான் நாம்தேவ், பட்டும் படாமலும்.

காக்கைகள் அசையவில்லை.

"நல்லான்னா எப்படி? எங்க வச்சு?" என்றார் கூட்டத்தில் ஒருத்தர். "பொத்தாம்பொதுவா சொன்னா செத்தவங்களுக்கு எப்படிப்பா விளங்கும்?"

நாம்தேவ் தம்பியைப் பார்த்தான். தம்பி ஆற்றைப் பார்த்தான்.

கடைசியில் நாம்தேவின் குரல் உடைந்தது. "அம்மா, காசி எங்கயும் போகமாட்டா. பின்கட்டு அறை அவளோடது. நாங்க சாப்பிடுறதை அவளும் சாப்பிடுவா. சத்தியம்! போதுமாம்மா?"

அப்போதுதான் முதல் தூறல் விழுந்தது. சிந்து குடையை மடக்கினாள்.

"மழை வரும்போது மடக்குறா பாரு, கூறு கெட்டவ..." அத்தை சொல்லி முடிக்கவில்லை. சடசடவென்று நாலைந்து காக்கைகள் கல்லின்மேல் இறங்கின. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிண்டத்தைக் கொத்தின.

"விட்டலா! விட்டலா!" கரையே கைகூப்பியது. அண்ணன்கள் இரண்டு பேரும் மணலில் விழுந்து அழுதார்கள்.

திரும்பி நடக்கும்போது மழை வலுத்தது. பின்னாலேயே வந்த சிந்து, காசியின் தலைக்கு மேல் குடையைப் பிடித்தாள்.

"பாத்தீங்களா அண்ணி," என்றாள் காசி விம்மலோடு. சொல்லிக்காட்ட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. "உயிரோட இருக்கிறவங்க யாரும் எனக்காக வாய் திறக்கல. செத்துப்போன அம்மாதான் என் இடத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்துட்டுப் போயிருக்கா."

சிந்து நடையைக் கொஞ்சம் தளர்த்தினாள். முன்னால் போகும் புருஷனின் மொட்டைத் தலையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"காசி, அந்தக் காக்காங்கதான் பாவம். காலையிலேருந்து இறங்கப் பாத்துச்சுங்க. நான்தான் குடையைச் சுத்திச் சுத்தி விரட்டிட்டே இருந்தேன். நாளைக்கு அடுப்பு பத்தவச்சதும் முதல் ரொட்டியை எடுத்துட்டுப் போய் அந்த மரத்தடியில போட்டுட்டு வந்துடும்மா."