சோக பாவத்துக்கு நாற்பது மார்க்

நடனத் தேர்வில் சோக பாவத்துக்கு மட்டும் நாற்பது மார்க். அதைப் போடுவது பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிவிடும், நாடித்துடிப்பை அளக்கும் பட்டை. முகத்தில் என்னதான் காட்டினாலும், உள்ளே நிஜமாக வலித்தால்தான் மார்க் விழும். அதனால் மேடையேறப் போகிற பிள்ளையைத் தனியே கூப்பிட்டு ஒரு கெட்ட செய்தி சொல்வது பெற்றவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

போன வருஷம் வசுமதி தன் தம்பி செத்துப்போனதாகச் சொன்னாள். மகள் நிலானி தேம்பிக்கொண்டே ஆடி முப்பத்தொன்பது வாங்கினாள். இறங்கி வந்தால் மாமா ஐஸ்கிரீமோடு நிற்கிறார்.

இந்த வருஷம் நிலானி சலங்கை கட்டிக்கொண்டிருந்தபோது வசுமதிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டே மகளிடம் வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"அப்பா போயிட்டாருடி. ஸ்கூட்டர்ல லாரி மோதிடுச்சாம்."

நிலானி கண்ணாடியைப் பார்த்து மையைச் சரிசெய்தாள். "அப்பாவை ஏம்மா இழுக்கிறே? இப்பதானே என்னை இறக்கி விட்டுட்டுப் போனாரு."

"சத்தியமா சொல்றேன். வா, போயிடலாம்."

"போன தடவையும் சத்தியம் பண்ணினே."

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே போனாள். மேடையில் அழகாகத்தான் அழுதாள். மார்க் காட்டும் திரையில் நாற்பதுக்கு மூன்றுதான் விழுந்தது.

அதற்குள் வசுமதி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். நாட்டிய டீச்சர் குனிந்து, சலிப்போடு சொன்னாள்.

"இந்த அழுகையை முன்னாடியே அழுதிருந்தா நம்பியிருப்பாளேம்மா."