நீலச் சுடிதார்

வெண்பாவுக்குப் பதினான்கு வயதானபோது அந்த வீட்டில் உடைச் சண்டை நின்றது. அவள் தனக்குப் பிடித்ததை அணிந்துகொண்டாள். எதிரில் இருப்பவரை நாம் விரும்பும் தோற்றத்தில் காட்டும் அம்மா தமயந்தியின் புதுவகை மூக்குக்கண்ணாடியிலோ அவள் எப்போதும் முழுக்கை நீலச் சுடிதாரும் இரட்டைப் பின்னலுமாகத் தெரிந்தாள். தெருவில் பல வீடுகள் இப்படித்தான் சமாதானமாகியிருந்தன.

ஐந்து வருடம் கழித்து ஒரு புதன்கிழமை, கல்லூரிக்குப் போன வெண்பா திரும்பவில்லை. மறுநாள் காலையிலேயே தமயந்தி காவல் நிலையத்துக்குப் போய்விட்டாள்.

"என்ன டிரெஸ் போட்டிருந்தா?" என்று பெண் காவலர் கேட்டார்.

"நீலச் சுடிதார்."

காவலர் தமயந்தியின் போனை வாங்கி, அம்மாவும் மகளும் கோயிலில் எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்தார். "கண்ணாடியைக் கழட்டிட்டு இதைப் பாருங்கம்மா" என்றார்.

படத்தில் தமயந்தியின் தோளில் கைபோட்டு, முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தீக்காயத் தழும்பு.

"இந்தத் தழும்பு எப்ப வந்தது?"

தமயந்திக்குத் தெரியவில்லை.

மதியம் ஒரு தோழியின் அறையிலிருந்து வெண்பாவை அழைத்து வந்தார்கள். பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே தமயந்திக்குப் பயமாக இருந்தது. அவள் தழும்பை மட்டும் தொட்டாள்.

"இது எப்படிடி?"

"மூணு வருஷமாச்சும்மா" என்றது மகளின் குரல். "தினமும் அரைக்கைச் சட்டையோடதான் உன் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டேன்."