வரவேற்பு ஒத்திகை

பொறுப்புத் தலைமையாசிரியர் ஆத்மநாதனுக்கு ஒரே கவலை. ஆவுடையார்கோவில் பக்கத்துத் தம் பள்ளிக்குத் தலைமையாசிரியராக ஒரு திருநங்கை வருவதாகக் கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்திருந்தது. யாரும் சிரித்து அவரை நோகடித்துவிடக் கூடாது.

“அவங்களுக்கு எந்த பாத்ரூம் சார்?” என்றார் கணக்கு டீச்சர் ராஜலட்சுமி.

“உருவமே இல்லாத சாமியக் கும்பிடுற ஊரும்மா இது. பாத்ரூமுக்கா பஞ்சாயத்து? அவங்க கேக்குற சாவியக் குடுங்க. பிள்ளைகளுக்கு ஒத்திகை பாக்கணும். அவங்க மாதிரி சேலை கட்டி யாரு நிக்கிறது?”

“நான் கட்டுறேன் சார்!” விளையாட்டு மாஸ்டர் சிவபிரகாஷ் துள்ளி எழுந்தார்.

மீசையை மழித்து, ராஜலட்சுமியின் பச்சைச் சேலையில் அவர் வந்ததும் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். ஒரு வாரத்தில் சிரிப்பு ஓய்ந்து, “வணக்கம் டீச்சர்” பழகிவிட்டது.

திங்கட்கிழமை வரவேற்புக்கும் சிவபிரகாஷ் சேலையில்தான் வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கிய அம்மாள் கைகூப்பினார்.

“என் பேரு நங்கை. போன்ல ‘திரு. நங்கை’ன்னு சொல்லிருப்பாங்களே? அந்த ஆபீசுல ஆம்பள, பொம்பள எல்லாருக்கும் ‘திரு’தான்!”

ஆத்மநாதன் அசடு வழிய நடந்ததைச் சொன்னார். நங்கைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“ஒத்திகை போதும் மாஸ்டர். சேலைய மாத்திட்டு வாங்க” என்றார் ஆத்மநாதன்.

சிவபிரகாஷ் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“நான் ஒத்திகை பாக்கல சார்.”

நங்கையின் சிரிப்பு நின்றது. ஆத்மநாதன் தம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்கம்மா. பேரு என்ன வச்சிருக்கீங்க?”

“கலைமதி, சார்.”